ஸ்டீயரிங் உறுமுது, இறுகுது, ஒழுகுது: பவர் ஆயிலில் கோளாறு எங்கே?

என்ஜின் ஆயில் ஓட ஓடக் கொஞ்சம் எரிந்து குறையும். பிரேக் பேட் தேயத் தேய பிரேக் ஆயிலின் மட்டம் இறங்கும். பவர் ஸ்டீயரிங் ஆயிலுக்கு அந்தச் சலுகை எதுவும் கிடையாது. பம்பிலிருந்து, முன்சக்கரங்களைத் திருப்பும் ரேக்குக்குப் போய், ரேக்கிலிருந்து டப்பாவுக்குத் திரும்பி, மறுபடி பம்புக்கே வருகிற மூடிய சுற்று அது. டப்பாவில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் தர்மபுரியிலோ கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கமோ ஸ்பேர்ஸ் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் காதில் விழுவது வேறு பேச்சு. "அண்ணா, பவர் ஆயில் அரை லிட்டர் குடுங்க." "என்ன வண்டிங்க?" "எதுவா இருந்தா என்னங்ணா, செவப்பு ஆயில்தானே?" போன மாதமும் அதே அரை லிட்டர் வாங்கிப் போனவராகத்தான் இருப்பார். அவர் தேட வேண்டியது ஒழுகும் இடத்தை. அதோடு, சிவப்பு என்பது வெறும் சாயம். எந்த ஆயில் என்பதை அது சொல்லாது.

ஆகவே கீழே அறிகுறியை வைத்துப் பார்த்துக்கொண்டே போகலாம். ஆயில் ஊற்றுவது பெரும்பாலும் கடைசி வேலையாகத்தான் வரும்.

உங்கள் வண்டியில் ஆயில் உண்டா?

போனட்டைத் திறந்து, மூடியில் ஸ்டீயரிங் சக்கரப் படம் போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பாவைத் தேடுங்கள். இன்னோவா, கிரிஸ்டா, குவாலிஸ், பொலேரோ, பழைய ஸ்கார்ப்பியோ, சுமோ, டவேரா, பழைய ஹோண்டா சிட்டி, ஆக்ஸன்ட் ஆகியவற்றில் இருக்கும். ஸ்விஃப்ட், பலேனோ, ஐ10, நெக்ஸான் போன்றவற்றில் இருக்காது. அவை மோட்டார் வைத்த எலக்ட்ரிக் ஸ்டீயரிங். அவற்றில் ஸ்டீயரிங் இறுகி மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தால் முதலில் பேட்டரியைப் பாருங்கள்: டெர்மினலில் பச்சைப் பூப்பு, தளர்ந்த கிளாம்ப், வோல்டேஜ் இறக்கம். சாவியை அணைத்துப் போட்டும் விளக்கு போகவில்லை என்றால் ஸ்கேனர் வேண்டும். அந்த வண்டிக்கு ஆயில் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள்.

எந்த ஆயில்

டப்பாவின் மூடியில் அச்சடித்திருக்கும், இல்லையென்றால் வண்டியோடு வந்த கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். எங்கள் பக்கம் ஓடும் வண்டிகளை மூன்று நான்கு கூட்டமாகப் பிரித்துவிடலாம்.

டொயோட்டா, மகிந்திரா போன்றவை கேட்பது ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கென்று உருவான ஆயில். தரம் டெக்ஸ்ரான் 2 அல்லது 3. சிவப்பு நிறம். டெக்ஸ்ரான் 3-க்கு உரிமம் கொடுப்பதை ஜெனரல் மோட்டார்ஸ் 2006-ஓடு நிறுத்திவிட்டது. அதனால் இன்று கடையில் கிடைப்பது அந்தத் தரத்துக்கு ஒப்பாகச் செய்தது. நல்ல பெயருள்ள கம்பெனியுடையது என்றால் தயங்காமல் போடலாம். டெக்ஸ்ரான் 6 கொஞ்சம் இளக்கமான ஆயில். தேய்ந்த பழைய பம்பில் அதை ஊற்றி, மத்தியான வெயிலில் ஸ்டீயரிங் இன்னும் கனத்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஹோண்டா தன் சொந்த ஆயிலைத்தான் கேட்கிறது. அவசரத்துக்கு வேறு பவர் ஸ்டீயரிங் ஆயில் ஊற்றினாலும் சீக்கிரம் முழுக்கக் கழுவி மாற்ற வேண்டும் என்று அவர்கள் கையேடே சொல்கிறது. ஹூண்டாயின் பழைய கார்களுக்கு பிஎஸ்எஃப்-3 (பிஎஸ்எஃப் என்றால் பவர் ஸ்டீயரிங் ஃப்ளூயிட்), பின்னால் வந்த சிலவற்றுக்கு பிஎஸ்எஃப்-4. ஸ்கோடாவின் பழைய ஆக்டேவியா போன்ற ஐரோப்பிய வண்டிகளுக்குப் பச்சை நிற சிஹெச்எஃப் 11எஸ் வகை. பிஎம்டபிள்யூவில் சில மாடலுக்கு ஏடிஎஃப், சிலதுக்கு சிஹெச்எஃப், மூடியைப் பார்த்தால்தான் தெரியும். பச்சைக்குள் சிவப்பை ஊற்றினால் வண்டி உடனே நிற்காது, அதுதான் சிக்கல். இரண்டிலும் கலந்திருக்கும் மருந்துகள் வேறு, சீலின் ரப்பரோடு ஒத்துப்போவதும் வேறு. சில மாதம் கழித்துச் சீல் கசியத் தொடங்கும்போது யாருக்கும் அந்த ஊற்றல் நினைவுக்கு வராது.

'எல்லா வண்டிக்கும்' என்று எழுதிய டப்பாக்கள் விற்கின்றன. பின்பக்கம் எந்தெந்தத் தரத்துக்குப் பொருந்தும் என்ற பட்டியல் இருக்கும். உங்கள் மூடியில் உள்ள பெயர் அந்தப் பட்டியலில் எழுத்துக்கு எழுத்து இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

மட்டம் பார்க்கும் முறை

சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, மூடியைச் சுற்றியுள்ள புழுதியைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்த பிறகே திறக்க வேண்டும். குவாரி ரோட்டில் ஓடும் வண்டியின் மூடி மேல் ஒரு விரல் கனத்துக்குக் கல் தூசு படிந்திருக்கும். அதில் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தால் போதும், பம்பின் பிளேடுகளுக்கு அது உப்புத்தாள். டப்பாவிலோ மூடியோடு வரும் குச்சியிலோ 'ஹாட்', 'கோல்ட்' என்று இரண்டு அளவு இருக்கும். காலையில் ஓட்டுவதற்கு முன் பார்த்தால் கோல்ட் அளவு, நன்றாக ஓட்டி வந்து பார்த்தால் ஹாட் அளவு. ஆறிய ஆயிலை ஹாட் கோடு வரை நிரப்பினால் சூடானதும் மூடி வழியாகப் பொங்கி வழியும். பிறகு அந்த ஈரத்தைப் பார்த்து லீக் என்று பயப்படுவோம்.

இன்னொரு சோதனை இருக்கிறது, பட்டறைகளில்கூட பலர் செய்வதில்லை. என்ஜின் ஓடும்போது மட்டத்தைக் குறித்துக்கொண்டு, அணைத்ததும் மறுபடி பாருங்கள். ஒன்றிரண்டு மி.மீ. ஏறினால் சரி. 5 மி.மீ.-க்கு மேல் ஏறினால் ஆயிலில் காற்று கலந்திருக்கிறது. அழுத்தத்தில் சுருங்கியிருந்த காற்று, பம்ப் நின்றதும் விரிந்து மட்டத்தைத் தூக்குகிறது.

அறிகுறி: திருப்பும்போது 'ஊய்ங்' என்று உறுமல்

முதலில் சத்தத்தைப் பிரித்தறியுங்கள். ஸ்டார்ட் செய்தவுடனோ சட்டென்று ஒடிக்கும்போதோ 'கீச்' என்று கத்தினால் அது பெல்ட். பிடி நழுவுகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்ப ஏறி, விட்டதும் இறங்கும் உறுமல் பம்ப். ஃபுல் கட்டிங்கில் மட்டும் கேட்கும் 'உஸ்' என்ற சீறல் கோளாறே அல்ல. கடைசி வரை திருப்பிப் பிடித்திருக்கும்போது ஆயிலுக்குப் போக இடமில்லை, பம்பின் ரிலீஃப் வால்வு திறந்து உள்ளேயே சுற்றிவிடுகிறது, அந்தச் சீறல்தான் அது. ஆனால் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அந்த நிலையில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், ஆயில் நொடிக்கு நொடி சூடேறும். 5 நொடிக்கு மேல் வேண்டாம். முனை தட்டியதும் கொஞ்சம் தளர்த்துங்கள்.

பம்ப்தான் உறுமுகிறது என்று தெரிந்தால் மட்டம் பாருங்கள். குறைவாக இருந்தால் ஊற்றி, காற்று எடுத்து, ஒழுகும் இடத்தைத் தேட வேண்டும். மட்டம் சரியாக இருந்து நுரை தெரிந்தால் கீழே நுரைப் பகுதிக்குப் போங்கள். மட்டமும் சரி, நுரையும் இல்லை, உறுமல் மட்டும் நிற்கவில்லை என்றால் டப்பாவின் அடியில் இருக்கும் வலையைச் சந்தேகப்படுங்கள். பல வண்டிகளில் டப்பாவுக்குள்ளேயே சல்லடை போல ஒரு மெல்லிய வலை வைத்திருப்பார்கள். தேய்ந்த ரப்பரும் இரும்புத் தூளும் சேர்ந்து அதில் கரும்பசையாக ஒட்டிக்கொள்ளும். பம்ப் உறிஞ்சுகிறது, ஆயில் வர மறுக்கிறது. வலையைக் கழற்ற முடிகிற டப்பா என்றால் கழுவலாம். ஒட்டிய டப்பா என்றால் டப்பாவையே மாற்றுவதுதான் வழி. பம்பை மாற்றச் சொல்லும் முன் இதைப் பார்த்துவிட்டீர்களா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். டப்பா விலைக்கும் பம்ப் விலைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் பம்ப் தேய்ந்துவிட்டது என்று சொல்லலாம்.

அறிகுறி: ஸ்டீயரிங் கனக்கிறது

எப்போது கனக்கிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

*எப்போதும், இரண்டு பக்கமும்.* டயர் காற்றை முதலில் பாருங்கள், சிரிக்க வேண்டாம். முன் டயரில் காற்று குறைந்தால் எந்தப் பம்பும் ஈடுகட்டாது. அடுத்து பெல்ட். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் பழைய மாதிரி பெல்ட் சுமார் 10 மி.மீ. இறங்கலாம், அதற்கு மேல் தொங்கினால் இழுத்துக் கட்ட வேண்டும். தானாக இழுக்கும் டென்ஷனர் வைத்த வண்டியில் விரிசலும் ஆயில் ஈரமும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, என்ஜின் அணைந்த நிலையில் கையால் திருப்புங்கள். தரையில் டயர் உராய்வு இல்லாதபோதும் இறுக்கமாகவோ தட்டுத் தட்டாகவோ வந்தால் கோளாறு ஆயிலில் இல்லை. ஸ்டீயரிங் தண்டின் யு-ஜாயின்ட், பால் ஜாயின்ட், ஸ்ட்ரட் பேரிங் ஆகியவற்றில் ஒன்று துருப்பிடித்திருக்கும்.

*நின்ற இடத்தில் மட்டும். ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் இலேசாகிவிடுகிறது.* பம்ப் தேய்ந்து, குறைந்த சுற்றில் அழுத்தம் கட்ட முடியாமல் திணறுகிறது. பெல்ட் நழுவினாலும் இதே கதைதான். இரண்டில் எது என்று தெரிந்துகொண்டு செலவு செய்யுங்கள்.

*ஒரு பக்கம் மட்டும்.* பம்புக்கு இடமும் வலமும் தெரியாது. ஒரு பக்கம் இலேசாகவும் மறுபக்கம் கனமாகவும் இருந்தால் ரேக்கின் உள் சீலோ அதன் மேலே உள்ள வால்வோ கெட்டிருக்கிறது. இதற்கு எத்தனை லிட்டர் புது ஆயில் ஊற்றினாலும் பயன் கிடையாது.

*காலையில் மட்டும், அஞ்சு நிமிஷத்தில் சரியாகிவிடுகிறது.* ஓசூர், தளி பக்கம் மார்கழிக் குளிரில் இந்தப் புகார் அதிகம் வரும். கொஞ்சம் கனப்பது ஆயில் குளிர்ந்து கெட்டியாவதால், அது இயல்பு. ஆனால் முதல் சில திருப்பத்தில் உதவியே இல்லாததுபோல் முரடாக இருந்து, பிறகு திடீரென்று இலேசானால் வால்வுக்குள் இருக்கும் டெஃப்லான் வளையங்கள் அவை உட்கார்ந்திருக்கும் உலோகத்தில் பள்ளம் போட்டுவிட்டன. சூடேறி விரிந்ததும் அடைப்பு பிடிக்கிறது. பழைய ஆயிலை மாற்றினால் கொஞ்ச நாள் தாங்கும், அவ்வளவுதான்.

*இறக்கத்தில் திடீரென்று.* இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாய் இறங்கும்போது டீசல் மிச்சம் பிடிக்க என்ஜினை அணைத்து உருட்டுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. பம்பைச் சுற்றுவது என்ஜினின் பெல்ட். என்ஜின் நின்றால் பம்ப் நின்றது, ஸ்டீயரிங் கல்லாகும். பிரேக்குக்கு உதவும் வாக்குவமும் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். இரட்டைப் பாலத்து வளைவுக்கு முன்னால் இரண்டும் ஒன்றாகப் போவதை நினைத்துப் பாருங்கள். சாவியை இன்னும் பின்னால் திருப்பி உருவிவிட்டால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளும். கியரில் போட்டு என்ஜின் பிடியிலேயே இறங்க வேண்டும். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இப்படி இறுகினால் பெல்ட் அறுந்திருக்கலாம். பல வண்டிகளில் அதே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் சுற்றுகிறது, ஆகவே பேட்டரி விளக்கும் சேர்ந்து எரியும். இரண்டு கையாலும் அழுத்தித் திருப்பினால் திரும்பும், கனமாகத்தான். பதறாமல் ஓரம் கட்டுங்கள். தண்ணீர்ப் பம்பும் அதே பெல்ட்டில் இருந்தால் அதற்கு மேல் ஓட்டக்கூடாது.

அறிகுறி: மட்டம் இறங்குகிறது, தரையில் சொட்டு

தரையில் சிவப்பாகப் பார்த்ததெல்லாம் பவர் ஆயில் ஆகாது. டொயோட்டாவின் கூலன்ட்டும் இளஞ்சிவப்புதான். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மேலே மிதந்து வானவில் படலம் கட்டினால் ஆயில். தண்ணீரோடு கலந்து மறைந்தால் கூலன்ட். நிறமே இல்லாத தண்ணீர் என்றால் அது ஏசியிலிருந்து சொட்டியது.

ராத்திரி ஒரு பெரிய அட்டையை முன்பக்கம் விரித்து வைத்து, காலையில் சொட்டு எங்கே என்று பாருங்கள். பெல்ட் பக்கம் விழுந்தால் பம்பின் தண்டு சீல் அல்லது பம்போடு சேரும் ஹோஸ். நடுவில் விழுந்தால் ரேக்கின் பைப் இணைப்பு. சக்கரத்துக்கு உட்புறம் விழுந்தால் ரேக்கின் முனை. அங்கே துருத்தி போல மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் பூட் இருக்கும். அதை விரலால் அமுக்குங்கள். உள்ளே கொழகொழவென்று ஆயில் ஆடினால் ரேக் சீல் போய்விட்டது. பூட் கிழிந்திருந்தால் காரணமும் தெரிந்துவிடும்: மாந்தோப்பு மண் வழியில் சேறு புகுந்து ரேக் கம்பியை அரித்து, கீறல் விழுந்த கம்பி சீலைக் கிழித்திருக்கிறது. கம்பியில் கீறல் இருந்தால் சீல் கிட் மட்டும் போடுவது வீண், ஒரு மாம்பழ சீசன்கூடத் தாங்காது.

எல்லாம் நனைந்து எங்கே தொடக்கம் என்று தெரியாவிட்டால், பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துக் காயவைத்து, என்ஜினை ஓடவிட்டு ஒருவர் இடமும் வலமும் திருப்ப, மற்றவர் டார்ச்சோடு பார்க்க வேண்டும். ஆயில் கீழ்நோக்கியும் ஓட்டக் காற்றில் பின்னோக்கியும் போகும். ஆகவே ஈரத்தின் மேல்முனைதான் ஊற்று. பிரஷர் ஹோஸில் கசிவு இருக்கும் இடத்தைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். திருப்பும்போது உள்ளே 70 முதல் 100 பார் வரை அழுத்தம் ஏறும். ஊசித் துளையிலிருந்து பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் அது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். சைலன்சர் மேல் சொட்டுகிற கசிவை நாளைக்கு என்று தள்ளவும் கூடாது. சூடான எக்ஸாஸ்ட்டில் இந்த ஆயில் தீப்பிடிக்கும்.

ஹோஸ் மாற்றுவதில் நடக்கும் தவறு ஒன்று. திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸில் அழுத்தம் குறைவுதான்; அதனால் கையில் கிடைத்த ரேடியேட்டர் ஹோஸை வெட்டி மாட்டிவிடுகிறார்கள். தண்ணீருக்கென்று செய்த ரப்பர் ஆயிலில் ஊறி உப்பி, உள்பக்கம் உரிந்து, அந்தத் துகள் டப்பா வலையை அடைக்கும். ஆயில் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். பிரஷர் ஹோஸ் விஷயம் வேறு. ஜேசிபி, குவாரி வண்டிகளுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் கிரிம்ப் செய்யும் (முனையில் உலோக இணைப்பை நசுக்கி இறுக்கும்) இடங்களில் புது ஹோஸ் அடித்துத் தருவார்கள். அழுத்தமும் சூடும் தாங்கும் ரகமாக இருந்தால் ஒழுகல் நிற்கும். ஆனால் கம்பெனி ஹோஸுக்குள் அதிர்வை அடக்கச் சில வண்டிகளில் உள்குழாய் ஒன்று வைத்திருப்பார்கள், கிரிம்ப் ஹோஸில் அது இருக்காது. மாட்டிய பிறகு முனகல் வந்தால் பம்பைக் குறை சொல்லாதீர்கள்.

'லீக் ஸ்டாப்' மருந்து பற்றி: அது ரப்பரை உப்ப வைக்கிறது. காய்ந்து சுருங்கிய சீலில் மெதுவாகக் கசிந்தால் சில மாதம் ஓட்டித் தரும். கிழிந்த சீல், வெடித்த ஹோஸ், கீறல் விழுந்த கம்பி எதற்கும் உதவாது. ரேக் வேலைக்குப் பணம் சேரும் வரை என்று வைத்துக்கொண்டால் குற்றமில்லை.

அறிகுறி: டப்பாவில் நுரை

தூக்குப்பாத்திரத்தில் ஆற்றிய பால் போல நுரைத்து நின்றால் எங்கிருந்தோ காற்று உறிஞ்சுகிறது. இங்கேதான் பலர் ஏமாறுவது: தரையில் ஒரு சொட்டும் இருக்காது. டப்பாவுக்கும் பம்புக்கும் இடையில் உள்ள ஹோஸில் பம்ப் இழுக்கிறது. அங்கே கிளிப் தளர்ந்தாலோ ஓ-ரிங் காய்ந்தாலோ ஆயில் வெளியே வருவதைவிடக் காற்று உள்ளே போவதுதான் அதிகம். கிளிப்பை மாற்றி, ஹோஸ் முனை வெடித்திருந்தால் அரை அங்குலம் வெட்டி மறுபடி மாட்டுங்கள். பம்பில் நுழையும் இடத்தில் ஓ-ரிங் இருந்தால் அதையும் புதிதாகப் போடுங்கள். சின்ன வளையம்தான், அதற்காகப் பம்பையே மாற்றிய வண்டிகள் உண்டு.

ஆயிலின் நிறம்

வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிஷம் கழித்துப் பாருங்கள். தெளிந்த சிவப்போ தேன் நிறமோ என்றால் நலம். பழுப்பாகிக் கருகின வாடை அடித்தால் சூட்டில் வெந்துவிட்டது, மாற்ற வேண்டும். கருப்பாக, நடுவில் மைபோல நின்றால் ஹோஸின் உள் ரப்பர் கரைகிறது. மாற்றும்போது ஹோஸையும் சேர்த்துப் பாருங்கள். வெயிலில் சாய்த்தால் வெள்ளித் தூள் மின்னுவது பம்ப் தேய்மானம். அதன் பிறகு ஆயில் மாற்றினாலும் பம்பின் நாள் எண்ணப்பட்டுவிட்டது. ஸ்ட்ராபெரி மில்க் ஷேக் போல வெளிறிய இளஞ்சிவப்பு என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பெரும்பாலும் வாட்டர் சர்வீஸில் போனட்டுக்குள் பிரஷர் தண்ணீர் அடித்ததால்தான்.

முழுதாக மாற்றுவது

பல கம்பெனிகள் இதற்கென்று கி.மீ. கணக்கே கொடுப்பதில்லை. ஒகேனக்கல், வத்தல்மலை என்று ஏறி இறங்கும் வண்டிக்கும், தக்காளி பாரத்தோடு பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டி சந்துகளில் ஒடித்து ஒடித்து நிறுத்தும் பிக்கப்புக்கும் 40,000 கி.மீ. என்று வைத்துக்கொள்வது நல்லது. ஹைவேயிலேயே ஓடும் காருக்கு இன்னும் தள்ளலாம்.

சுற்றில் மொத்தம் சுமார் 1 லிட்டர் இருக்கும், வண்டிக்கு வண்டி கொஞ்சம் கூடும் குறையும். டப்பாவில் மட்டும் 300 மி.லி. அளவு. கழுவி மாற்ற 2 லிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

எளிய வழி சிரிஞ்சு. 100 மி.லி. சிரிஞ்சில் சின்ன டியூப் மாட்டி டப்பாவில் உள்ளதை உறிஞ்சி எடுத்து, புதுசை நிரப்பி, ஒரு வாரம் ஓட்டி, மறுபடி அதையே செய்வது. ஹோஸ் எதையும் கழற்ற வேண்டாம், காற்று புகாது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: லிட்டருக்கு 300 மி.லி. மாற்றினால் முதல் தடவையில் பழையது 70 சதவீதம் மிச்சம். இரண்டாவதில் 49, மூன்றாவதில் 34, நான்காவதில் 24. ஆயில் சரியான ரகமாக இருந்து சற்றுப் பழசானது மட்டும் என்றால் இது போதும். தவறான ஆயிலையோ தண்ணீர் கலந்ததையோ இப்படி எடுக்க நினைப்பது ஆகாது.

அதற்கு ரிட்டர்ன் ஹோஸ் வழிதான். முன்சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பியோ, கருங்கல் முட்டுக் கொடுத்தோ வண்டிக்கடியில் கை விடாதீர்கள். டப்பாவில் உள்ளதைச் சிரிஞ்சால் எடுத்துவிட்டு, ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றுங்கள். வழக்கமாக இரண்டு ஹோஸில் மெல்லியதுதான் ரிட்டர்ன், பம்புக்குப் போவது பருமனாக இருக்கும். ஹோஸ் முனையை ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டு, டப்பாவில் திறந்த முனையை ரப்பர் அடைப்பானால் மூடுங்கள். டப்பாவில் புது ஆயில் நிரப்புங்கள். சாவியை ஸ்டீயரிங் பூட்டு விடுபடும் அளவுக்கு மட்டும் திருப்பி, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், ஒருவர் ஸ்டீயரிங்கை மெதுவாக முனையிலிருந்து முனைக்குத் திருப்பட்டும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் பாட்டிலில் கொடகொடவென்று பழைய ஆயில் விழும். டப்பா காலியாகாமல் மற்றவர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கருப்பாக வந்தது பழுப்பாகி, பிறகு ஊற்றிய நிறத்திலேயே வரத் தொடங்கும். அதற்குள் ஒன்றரை லிட்டர் போயிருக்கும். அப்போது நிறுத்தி, ஹோஸைப் புதுக் கிளிப்போடு மாட்டுங்கள்.

சில பட்டறைகளில் என்ஜினை ஓடவிட்டே கழுவுவார்கள். பத்து நொடியில் வேலை முடிந்துவிடும், உண்மைதான். ஆனால் டப்பா காலியானதைக் கவனிக்க ஒரு நொடி தாமதித்தால் பம்ப் வெறுமையில் சுற்றிக் கீறிக்கொள்ளும். அவசரமில்லாதவர்கள் கையாலேயே திருப்பட்டும்.

காற்று எடுப்பது

மாற்றிய பிறகு வரும் உறுமல் பெரும்பாலும் இந்த வேலையைப் பாதியில் விட்டதால்தான். சக்கரம் தூக்கிய நிலையில், என்ஜின் அணைந்தபடியே, முனைக்கு முனை 15, 20 தடவை நிதானமாகத் திருப்புங்கள். டப்பாவில் குமிழி வந்து வெடிப்பது தெரியும். மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். குமிழி நின்றதும் என்ஜினை ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல், முனையில் பிடித்து நிற்காமல் இன்னும் ஐந்தாறு தடவை. நுரை தெரிந்தால் அணைத்துவிட்டு அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். நுரையோடு திருப்பத் திருப்பக் காற்று இன்னும் பொடியாகக் கலக்குமே தவிர வெளியே வராது. கடைசியில் அந்த 5 மி.மீ. சோதனை. ஒரு வாரம் ஓட்டியபின் கிளிப்புகளையும் மட்டத்தையும் மறுபடி பாருங்கள்.

பிரேக் ஆயில் மாறிப்போனால்

இரண்டு டப்பாவும் ஒரே போனட்டுக்குள் இருப்பதால் இது நடக்கிறது. ஸ்டீயரிங் டப்பாவில் டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயில் விழுந்துவிட்டது, இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை என்றால் தப்பித்தீர்கள். சிரிஞ்சால் முழுக்க உறிஞ்சி, டப்பாவைக் கழற்றித் துடைத்து, புதுசு ஊற்றினால் போதும். ஸ்டார்ட் செய்து திருப்பிவிட்டால் மேலே சொன்ன ரிட்டர்ன் ஹோஸ் முறையில் 2 லிட்டருக்குக் குறையாமல் கழுவ வேண்டும். பிரேக் ஆயில் இந்தச் சீல்களின் ரப்பரை இளக்கிக் கெடுக்கும். பல நாள் ஓடியிருந்தால் பம்ப், ரேக் இரண்டுக்கும் சீல் கிட் செலவை எதிர்பார்க்கலாம்.

மாறி நடந்தால் விஷயம் வேறு. பிரேக் டப்பாவில் பவர் ஆயில் சில சொட்டு விழுந்தாலும் வண்டியை எடுக்காதீர்கள். பிரேக்கின் ரப்பர் வாஷர்கள் இந்த ஆயில் பட்டால் உப்பும். மிதித்த பிரேக் திரும்பாமல் பிடித்துக்கொள்ளும், இல்லையென்றால் பிடிக்காமலே போகும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், கேலிப்பர், ஹோஸ் என்று ரப்பர் உள்ள எல்லாவற்றையும் பார்த்து மாற்ற வேண்டியிருக்கும். வண்டியை டோ செய்துதான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வடித்த பழைய ஆயிலை அதே பாட்டிலில் மூடி, பழைய என்ஜின் ஆயில் எடுக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். கிணறும் போர்வெல்லும் பக்கத்திலேயே இருக்கும் தோட்டத்து வீடுகளில் அதைச் சாக்கடையில் ஊற்றினால் குடிக்கிற தண்ணீருக்குத்தான் வந்து சேரும். மூடியின் மேல் ஊற்றிய ஆயிலின் பெயர், தேதி, கி.மீ. மூன்றையும் பெயின்ட் மார்க்கரில் எழுதிவையுங்கள். அடுத்து மூடியைத் திறப்பவர் 'செவப்பு ஆயில்தானே' என்று கேட்க வேண்டியிருக்காது.